பழைய கம்ப்யூட்டரைத் தானம் கொடுக்கும் முன்...

புதிய கம்ப்யூட்டர் வாங்கியவுடன் பலருக்கும் எழும் கேள்வி, "பழையதை என்ன செய்வது?" என்பதுதான். எங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பில் இந்தக் கேள்வி இன்னொரு சமயத்திலும் வரும். பழுப்பு நிலக்கரி நிறுவனத்தில் வேலை பார்த்தவர் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பல வருடம் குடியிருந்த வீடு என்பதால் பரணில் இருந்து இறங்கும் சாமான்களுக்குக் குறைவிருக்காது. அவற்றில் துணி போட்டு மூடிய ஒரு கம்ப்யூட்டரும் பெரும்பாலும் இருக்கும்.

"நல்லா ஓடிக்கிட்டிருந்தது தம்பி. பழைய இரும்புக்குப் போட மனசு வரல. படிக்கிற பசங்க யாருக்காவது ஆகுமா பாரேன்" என்று சொல்லி என்னிடம் கொடுத்தவர்கள் பலர். அப்படிச் சேர்ந்த ஐந்து கம்ப்யூட்டர்களை, ஆர்ச் கேட்டுக்கு வெளியே ஒரு கிராமத்தில் நடக்கும் மாலை நேரப் படிப்பு மையத்துக்குக் கொடுத்தேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஐந்திலும் லினக்ஸ் போட்டு, டேபிளில் வரிசையாக வைத்துவிட்டு, பெரிய காரியம் செய்த திருப்தியோடு வீடு திரும்பினேன்.

இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் மூன்று கம்ப்யூட்டர்கள் மீண்டும் துணிக்குள் இருந்தன!

லினக்ஸ் கெட்டுப் போனதா என்றால், இல்லை. தவறுகள் அனைத்தும் என்னுடையவை. அவற்றை முதலில் சொல்லிவிட்டு, சரியான முறையைப் படிப்படியாகப் பார்ப்போம். உங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரை ஒரு இளைஞர் மன்றத்துக்கோ, இல்லத்துக்கோ, டியூஷன் சென்டருக்கோ கொடுக்க நினைத்தால் இது உதவும்.

நான் செய்த நான்கு தவறுகள்

1. ஒரு கம்ப்யூட்டரில் சி டிரைவை மட்டும் அழித்துவிட்டு லினக்ஸ் போட்டிருந்தேன். டி டிரைவ் அப்படியே இருந்தது. "சார், இதுல யாரோ ஒருத்தரோட கல்யாண போட்டோ, பேங்க் பேப்பர் எல்லாம் இருக்கு" என்று ஒரு மாணவி சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. எல்லா இடத்திலும் அப்படி அமையும் என்று சொல்ல முடியாது.

2. ஒரு கம்ப்யூட்டரில் எந்த இணையதளமும் திறக்கவில்லை. "பாதுகாப்பற்ற இணைப்பு" என்றே செய்தி வந்தது. நெட் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி மூடி வைத்துவிட்டார்கள். உண்மையில் மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்து, தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கம்ப்யூட்டரின் தேதி தவறாக இருந்தால் பிரவுசர் அந்தச் சான்றிதழை ஏற்காது.

3. 1 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டரில், "லேசான லினக்ஸ்தானே, எல்லாம் ஓடும்" என்று சொல்லியிருந்தேன். பிள்ளைகள் வீடியோ பாடம் பார்க்க முயன்றார்கள். மவுஸ் கூட நகரவில்லை.

4. மிகப் பெரிய தவறு இதுதான். அட்மின் பாஸ்வேர்டு என் பாக்கெட் டைரியில் இருந்தது. ஒரு பிரின்டர் சேர்க்கக் கூட அவர்களால் முடியவில்லை. என் போன் நம்பரைக் கூட அவர்களுக்குக் கொடுக்க மறந்திருந்தேன்.

"லேசான" லினக்ஸ் என்றால் என்ன?

கம்ப்யூட்டரின் அனைத்துப் பாகங்களையும் இயக்கும் அடிப்படை சாப்ட்வேர் ஆப்பரேட்டிங் சிஸ்டம். விண்டோஸ் ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம். லினக்ஸ் இன்னொன்று. பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் இதன் மையப் பகுதியை வெளியிட்டார். அதனுடன் பல சாப்ட்வேர்களைச் சேர்த்து, பல குழுக்கள் பல பெயர்களில் தொகுப்புகளாகத் தருகின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றைக் காசில்லாமல் டவுன்லோட் செய்து, எத்தனை கம்ப்யூட்டர்களில் வேண்டுமானாலும் சட்டப்படியே பதியலாம். பத்து கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஏழை மையத்துக்கு இது பெரிய உதவி.

ஒரு தொகுப்பு லேசானதா, கனமானதா என்பதை முடிவு செய்வதில் பெரும் பங்கு டெஸ்க்டாப்புக்குத்தான். அதாவது மெனு, விண்டோ, ஐகான் ஆகியவற்றைக் காட்டும் பகுதி. இதைச் சிறியதாக வைத்து, பின்னணியில் ஓடும் புரோகிராம்களையும் குறைத்தால் அதிக ராம் மிச்சமாகும். ஆனால் பிரவுசர் பிரவுசர்தான். பயர்பாக்ஸில் ஒரு வீடியோ தளத்தைத் திறந்தால் எந்த லினக்ஸிலும் ஏறக்குறைய அதே அளவு ராம் கேட்கும். லினக்ஸை லேசாக்கலாம். இணையதளத்தை நாம் லேசாக்க முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் தவறான வாக்குறுதி கொடுக்க மாட்டோம்.

எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

4 ஜிபி ராம், 64 பிட் ப்ராசஸர்: தாராளமாகக் கொடுக்கலாம். லினக்ஸ் மின்ட் தொகுப்பின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு ஏற்றது. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய ப்ராசஸரும் தேவை. எனவே நல்ல நிலையில் உள்ள பல கம்ப்யூட்டர்கள் இப்போது பரணுக்குப் போகின்றன. தானத்துக்கு இவையே முதல் தரம்.

2 ஜிபி ராம், 64 பிட்: கொடுக்கலாம். லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்புக்குக் குறைந்தபட்சத் தேவையே 2 ஜிபிதான். ஆன்டிக்ஸ் போட்டால் இன்னும் வேகமாக இருக்கும். பிரவுசரில் ஒன்றிரண்டு டேப் போதும் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். பழைய ராம் கிடைத்தால் 4 ஜிபி ஆக்கிவிடுங்கள். அதைவிடப் பெரிய மாற்றம் வேறு எதிலும் கிடைக்காது.

1 ஜிபி ராம்: ஆன்டிக்ஸ் அல்லது பப்பி லினக்ஸ். டைப்பிங், கடிதம் எழுதுதல், ஓவியம், கணக்கு விளையாட்டு ஆகியவற்றுக்கு மட்டும். இன்டர்நெட் இல்லாத கம்ப்யூட்டர் என்று சொல்லியே கொடுங்கள்.

32 பிட் ப்ராசஸர்: பழைய பென்டியம் 4 கம்ப்யூட்டர்களில் பல இந்த வகை. இவற்றுக்கான கதவுகள் ஒவ்வொன்றாக மூடி வருகின்றன. 2020-ல் வெளிவந்த லினக்ஸ் மின்ட் 20 முதல் அதன் முக்கியப் பதிப்பு 64 பிட்டுக்கு மட்டுமே வருகிறது. பல தொகுப்புகளுக்குத் தாயான டெபியன், 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில் 32 பிட் இன்ஸ்டாலரைக் கைவிட்டது. லினக்ஸுக்கான குரோம் பிரவுசர் 2016-லேயே 32 பிட்டை நிறுத்திவிட்டது. எனவே இதை இன்டர்நெட்டுக்காகக் கொடுக்க வேண்டாம். கழற்றி மாட்டிப் பழக ஒன்று இருக்கட்டும்.

மேலும், பெரிய கண்ணாடிக் குழாய் மானிட்டர், வீங்கிய லேப்டாப் பேட்டரி, கருகிய வாசனை வரும் பவர் சப்ளை ஆகியவற்றை யாருக்கும் தானமாகக் கொடுக்காதீர்கள். குழாய் மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் உண்டு. இவற்றைப் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்திடம் சேர்க்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள் இதற்காகத்தான். வேலை செய்யாததைக் கொடுத்தால், குப்பையை அகற்றும் வேலையை ஏழை மையத்தின் தலையில் கட்டியதாகும்.

இனி வேலையைத் தொடங்கலாம்.

முதல் படி: தூசி, பேட்டரி, ராம்

பிளக்கைக் கழற்றிவிட்டு கேபினட்டைத் திறக்கவும். எங்கள் ஊர் சுரங்க ஊர் என்பதால் ப்ராசஸர் ஃபேன் மேல் தூசி மெத்தை போலப் படிந்திருக்கும். பெயின்ட் பிரஷ், புளோயர் கொண்டு சுத்தம் செய்யவும். புளோயர் அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளவும். வெளியே கொண்டுபோய்ச் செய்வது மூக்குக்கு நல்லது.

அடுத்து காசு பேட்டரி. சிஆர் 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். நல்ல நிலையில் உள்ளதா என்று யோசிக்காமல் புதியது போட்டுவிடுங்கள். பிறகு ராமைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டவும். ஆன் செய்ததும் பீப் பீப் என்று கத்தி, திரை வராத கம்ப்யூட்டர்களில் பல இதிலேயே சரியாகிவிடும்.

மதர்போர்டில் சிறிய உருளை வடிவில் இருக்கும் கெப்பாசிட்டர்களின் தலைப்பகுதியைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால் அந்த போர்டு அதிக நாள் தாங்காது.

இரண்டாம் படி: பென் டிரைவ் தயாரித்தல்

1. உங்கள் புதிய கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் இணையதளத்தில் இருந்து எக்ஸ்எஃப்சிஇ பதிப்பின் ஐஎஸ்ஓ பைலை டவுன்லோட் செய்யவும்.

2. ரூபஸ் என்ற இலவச புரோகிராமைத் திறந்து, 8 ஜிபி பென் டிரைவைச் செருகி, ஐஎஸ்ஓ பைலைத் தேர்வு செய்து ஸ்டார்ட் கொடுக்கவும். பென் டிரைவில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்பதைக் கவனிக்கவும்.

3. பழைய கம்ப்யூட்டரில் செருகி ஆன் செய்து, பூட் மெனுவுக்கான கீயை அழுத்தவும். கம்பெனியைப் பொறுத்து எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று மாறும்.

4. பென் டிரைவைத் தேர்வு செய்தால், ஹார்ட் டிஸ்க்கில் எதையும் மாற்றாமல் லினக்ஸ் திரைக்கு வரும். இதற்கு லைவ் முறை என்று பெயர். ப்ராசஸர் 32 பிட் என்றால், இது பொருந்தாது என்ற செய்தியைக் காட்டி இங்கேயே நின்றுவிடும். தனியாகச் சோதிக்கத் தேவையில்லை.

இந்த லைவ் திரையிலேயே ஒலி, வைஃபை, கீபோர்டு, மவுஸ் அனைத்தையும் சோதித்துவிடவும்.

மூன்றாம் படி: டிஸ்க்கைச் சோதித்து, அழித்தல்

முதலில், கொடுத்தவரைப் போனில் அழையுங்கள். "உள்ளே உங்களுக்கு வேண்டியது ஏதாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். எனக்குக் கம்ப்யூட்டர் கொடுத்த ஒரு அம்மாவிடம் இப்படிக் கேட்டபோது, மறைந்த கணவரின் குரல் பதிவு ஒன்று அதில் இருப்பது அவருக்கு நினைவு வந்தது. அதைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்த பிறகுதான் அடுத்த வேலை. அழித்த பின் கேட்டுப் பயனில்லை.

லைவ் மெனுவில் டிஸ்க்ஸ் என்ற புரோகிராமைத் திறக்கவும். இடப்பக்கம் ஹார்ட் டிஸ்க்கைத் தேர்வு செய்து, மேலே உள்ள மெனுவில் ஸ்மார்ட் விவரங்களைப் பார்க்கவும். பழுதான செக்டார்கள் இருந்தால் அந்த டிஸ்க்கை நம்ப வேண்டாம். வேறு டிஸ்க் மாற்றவும். முடிந்தால் 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போடலாம். கம்ப்யூட்டர் ஆன் ஆகும் வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியும்.

டிஸ்க் நன்றாக இருந்தால் அதே மெனுவில் பார்மேட் டிஸ்க் என்பதை க்ளிக் செய்யவும். அழிக்கும் முறையைக் கேட்கும் இடத்தில் 'குவிக்' என்று முடிவதைத் தேர்வு செய்யாமல், பூஜ்ஜியங்களால் மேலெழுதும் 'ஸ்லோ' முறையைத் தேர்வு செய்யவும். சாதாரண பார்மேட்டில் பைல்களின் பட்டியல் மட்டுமே போகிறது. பைல்கள் அப்படியே கிடக்கும். மீட்கும் சாப்ட்வேர் கொண்டு யாரும் எடுத்துவிடலாம். 160 ஜிபி டிஸ்க்குக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும். அந்த ஒரு மணி நேரம் கொடுத்தவரின் மானத்துக்கான காவல்.

(இந்த முறை ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும். எஸ்எஸ்டியில் அதற்கென உள்ள செக்யூர் எரேஸ் வசதியைப் பயன்படுத்த வேண்டும்.)

நான்காம் படி: பதிதல், தமிழ் சேர்த்தல்

டெஸ்க்டாப்பில் உள்ள இன்ஸ்டால் ஐகானை டபுள் க்ளிக் செய்து, கேட்கும் கேள்விகளுக்குப் பதில் கொடுத்தால் போதும். முழு டிஸ்க்கையும் லினக்ஸுக்கே கொடுத்துவிடவும். பதிந்த பிறகு சாப்ட்வேர் மேனேஜர் மூலம் கீழ்க்கண்டவற்றைச் சேர்க்கவும்.

தமிழ் டைப் செய்ய: ஐபஸ், அதனுடன் எம்17என் தொகுப்பு. இதில் தமிழ்99 கீபோர்டு உண்டு. சென்னையில் 1999-ல் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி அரசு அறிவித்த அமைப்பு இது. மையத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வியே "சார், தமிழ்ல எப்படி அடிக்கிறது?" என்பதுதான்.

படிக்க, பழக: விரல் பயிற்சிக்கு டக்ஸ் டைப்பிங், சிறு பிள்ளைகளுக்கு டக்ஸ் பெயின்ட், பெரியவர்களுக்கு ஜிம்ப். கடிதம், கணக்குக்கு லிப்ரே ஆபீஸ் ஏற்கனவே உள்ளே இருக்கும்.

நெட் இல்லாத இடத்துக்கு: கிவிக்ஸ். இதன் மூலம் தமிழ் விக்கிபீடியாவை ஒரே பைலாக டவுன்லோட் செய்து டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம். நெட் இல்லாமலே தேடிப் படிக்கலாம். பிள்ளைகள் அதிகம் பயன்படுத்துவது இதைத்தான் என்பது என் அனுபவம்.

ஐந்தாம் படி: சாவியை ஒப்படைத்தல்

இதுவே முக்கியமான படி. யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ் பகுதியில் இரண்டு கணக்குகள் வைக்கவும். ஒன்று நிர்வாகி, மற்றொன்று மாணவர். அன்றாட வேலை மாணவர் கணக்கில் நடக்கட்டும். பிறகு டைம்ஷிப்ட் புரோகிராமைத் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கவும். நாளை சிஸ்டம் செட்டிங் எது கெட்டாலும் இன்றைய நிலைக்குக் கொண்டு வந்துவிடலாம். மாணவர்கள் எழுதி வைத்த பைல்களை இது காப்பாற்றாது. அவற்றைப் பென் டிரைவில் காப்பி எடுக்கப் பழக்க வேண்டும்.

நிர்வாகி பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி மையப் பொறுப்பாளரிடம் கொடுக்கவும். அதே நோட்டில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு பக்கம். ராம் எவ்வளவு, பேட்டரி எப்போது மாற்றியது, என்ன பழுது, எப்படிச் சரியானது என்று எழுத வேண்டும். இன்ஸ்டால் செய்த பென் டிரைவையும் அங்கேயே விட்டுவிட வேண்டும்.

கடைசியாக, இரண்டு மாணவர்களைத் தேர்வு செய்து, ஒரு கம்ப்யூட்டரை அவர்கள் கையாலேயே கழற்றி, மாட்டி, அழித்து, பதியச் செய்யுங்கள். நீங்கள் தொடக் கூடாது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆகும். அவர்கள் கைக்கு வேலை வந்துவிட்டால் பிறகு நீங்கள் தேவையில்லை.

முன்னால் செய்து காட்டியவர்கள்

இது புதிய யோசனை அல்ல. பெங்களூரில் சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில் அம்பேத்கர் சமுதாயக் கணினி மையம் 2000-களின் இறுதியில் தொடங்கியது. கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தன்னார்வலர்கள் பழைய கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் போட்டு அங்கு வகுப்பெடுத்தார்கள். அந்தப் பகுதிப் பிள்ளைகள் ஜிம்ப்பில் வரைந்த ஓவியங்கள் வெளியிலும் பேசப்பட்டன. மெஷின் மட்டும் அல்ல, வாராவாரம் ஆட்களும் போனார்கள் என்பதைக் கவனியுங்கள். எங்களுக்குப் பக்கத்தில் விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு, கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள்களைக் கற்றுக் கொடுத்து வருகிறது.

ஆட்கள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் நம் வீட்டிலேயே உதாரணம் உண்டு. தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. சென்னை சி-டாக் உருவாக்கிய இந்திய லினக்ஸ் அது. என் தெருவில் அந்த லேப்டாப் வாங்கிய பிள்ளைகள் பலரிடம் கேட்டிருக்கிறேன். ஆன் செய்யும்போது இரண்டாவது வரியில் இருந்த அந்தப் பெயரை யாரும் க்ளிக் செய்து பார்த்ததில்லை. என்ன என்று சொல்லிக் கொடுக்க அருகில் ஆள் இல்லை. அதே லேப்டாப்களை இப்போது பேட்டரி செத்த நிலையில் வாங்கி, சார்ஜரிலேயே ஓடும்படி வைத்து, மையத்தில் பயன்படுத்துகிறோம்.

துணிக்குள் கிடந்த மூன்றில் இரண்டு இப்போது ஓடுகின்றன. மூன்றாவதில் கெப்பாசிட்டர் உப்பியிருந்தது. அதன் ராம் இன்னொன்றுக்குப் போய்விட்டது. சென்ற மாதம் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். மூன்றாம் எண் கம்ப்யூட்டரின் பக்கத்தில், என் கையெழுத்துக்குக் கீழே, கல்யாண போட்டோவைக் கண்டுபிடித்த அதே மாணவியின் கையெழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன: "நெட் வரவில்லை. தேதி தப்பாக இருந்தது. பேட்டரி மாற்றினேன், வருகிறது." எனக்கு யாரும் போன் செய்யவில்லை.

உங்கள் பரணை ஒருமுறை பாருங்கள். கம்ப்யூட்டர் இருந்தால் இறக்குங்கள். கூடவே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளையும் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.